இரண்டாம் வளைவில் பிளொகாதா

"அது கிபானிட்சா சுடுற தட்டு! எங்கம்மா குடுத்தது! அதுல கொண்டுபோய் கியர் எண்ணெய ஊத்தி வெச்சிருக்கியே, உனக்கு மூளைன்னு ஏதாவது இருக்கா?"

"கத்தாத ஸகோர்க்கா. மூணு மாடிக்கும் கேக்குது."

"கேக்கட்டும்! ரதெங்கோ வீட்டுல இன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு இரும்புத் தகடுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்!"

மூன்று மாடிக்கு மட்டுமல்ல, நான்குக்கும் கேட்டது. எங்கள் கட்டடத்தின் சுவர்கள் அந்தக் காலத்துத் தொழிற்சாலைக்காரர்கள் மிச்சம் பிடித்துக் கட்டியவை. இங்கே ஒருவர் தும்மினால் பக்கத்து வீட்டில் நூறு வயசு என்று வாழ்த்துவார்கள். அதனால், அந்தப் புதன்கிழமை ஸகோர்க்காவின் அடுப்பு மேடையில் என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மாவுத்தாளும் பாலாடைக்கட்டியும் அடுக்கிக் கிபானிட்சா சுடும் பெரிய செவ்வகத் தகரத் தட்டு. அதில் பழுப்பு எண்ணெய். எண்ணெய்க்குள் வட்டத் தகடுகள் பன்னிரண்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஊறிக்கொண்டிருந்தன.

"ஒரு நாள் முழுக்க ஊறணும்" என்றான் ரதெங்கோ. "காய்ஞ்ச தகட்ட அடுக்கிப் பூட்டினா முதல் வளைவுலயே கருகிடும். எல்லாம் படுத்துக்கிற மாதிரி தட்டையா வேற பாத்திரம் நம்ம வீட்டுல இல்ல."

"யாஸ்னா காருக்கு யாஸ்னா வீட்டுத் தட்டுல ஊற வைக்கிறது!"

"அவ வீட்டுல தட்டு ஏது? அவ பஸ் டெப்போ கேன்டீன்ல சாப்பிடுறவ."

யாஸ்னா நகரப் பேருந்து ஓட்டுபவள். வாரத்தில் ஆறு நாள் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போவதன் வயிற்றெரிச்சலை, ஏழாம் நாள் தன் பழைய சிவப்புக் காரில் தீர்த்துக்கொள்வாள். முன்சக்கரம் இழுக்கும் சின்ன வண்டி. அதன் எஞ்சினை நோண்டி நோண்டி, பிறந்தபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு பலம் ஏற்றிவிட்டான் ரதெங்கோ. பலம் ஏறியது; வண்டிதான் ஏறவில்லை. மலையேற்றப் பந்தயத்தில் வளைவுக்கு வளைவு உள்பக்கச் சக்கரம் சும்மா சுற்றிப் புகை விட்டது.

"வளைவுல உள்பக்கம் லேசாயிடும்" என்று அவன் மனைவிக்கு விளக்கினான். சமாதானத்துக்காக இரண்டு விரலைத் தரையில் ஓட்டிக் காட்டினான். "லேசான சக்கரம் தரையப் பிடிக்காது. ஆனா இருக்குற பலமெல்லாம் அதுக்கே ஓடிடும். பாரத்தச் சுமக்கிற வெளிச் சக்கரத்துக்கு ஒண்ணும் வராது."

"இதச் சொல்ல எண்ணெய் எதுக்கு? உங்க ஆலையில போய்ப் பாத்தாலே தெரியுமே."

தகடுகளை அடுக்கிப் பூட்டி, இரண்டு சக்கரங்களையும் சேர்த்தே சுற்ற வைக்கும் இந்தக் கருவிக்குப் புத்தகத்தில் ஒரு முழ நீளப் பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'பிளொகாதா' என்பார்கள், அவ்வளவுதான். சாலையில் உட்கார்ந்து லாரிகளை மறித்தாலும் அதே பிளொகாதாதான். சொல் ஒன்று, வேலை இரண்டு. இதுவரை யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ரதெங்கோ கார்களுக்கு வயர் கட்டும் ஆலையில் ஏழு வருடம். மூன்று மாத ஒப்பந்தம், மறுபடி மூன்று மாதம், மறுபடி மூன்று மாதம். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக நிரந்தரத்துக்கு அவன் பெயரை எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை கையெழுத்து. ஸகோர்க்காவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து, ஊன்றுகோல் இல்லாமல் பால்கனிவரை போக முடியாது. நிரந்தரக்காரன் குடும்பத்துக்கு ஆலை மருத்துவர் அறுவை சிகிச்சைக்குச் சீட்டு எழுதுவார். ஒப்பந்தக்காரன் குடும்பத்துக்கு வலி மாத்திரை எழுதுவார். அந்தக் கையெழுத்துக்காகத்தான் போன வசந்தத்தில், ஆலைக்குப் போகும் மலைச்சாலையின் இரண்டாம் வளைவில் தொழிலாளர்கள் இரண்டு நாள் மறியல் செய்தபோது, ரதெங்கோ மட்டும் ஆப்பிள் தோப்பு வழியாகக் குனிந்து போய் வேலைக்கு வந்தான். ஒரு மாதம் எங்கள் கட்டடத்தில் அவனிடம் யாரும் பேசவில்லை. மேல் வீட்டுத் தோப்ரிலா அக்கா மட்டும் பேசினாள். பேசாமல் இருப்பது அவளுக்கு உடம்புக்கு ஆகாது.

வியாழன் மாலை தோப்ரிலா அக்கா பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த துணியை அரை மணி நேரம் எடுத்தாள். கீழ் பால்கனியில் ரதெங்கோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

"பிளொகாதா ரெடி. சனிக்கிழமை காலைல ஏழு மணி, ரெண்டாவது வளைவு. சத்தம் வரும், பயந்துடாத. இறுக்கியே வெச்சிருக்கேன். இல்லல்ல, இனிமே ஒரு பக்கம் மட்டும் ஓட முடியாது. ரெண்டு பக்கமும் சேந்துதான் இழுத்தாகணும். விட்டுக் குடுத்துடாத, கெட்டியாப் பிடிச்சுக்க."

தோப்ரிலா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தோப்பு வழியாகக் குனிந்து போனவன் நிமிர்ந்துவிட்டானே! இந்த நல்ல சேதியை வெள்ளிக்கிழமை முடி வெட்டும் கடையில் சாயம் காய்வதற்குள் சொல்லி முடித்தாள். பக்கத்து நாற்காலியில் சாயம் பிடிக்கத் தலை முழுக்க வெள்ளித் தகடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், ஆலை நிர்வாகி மிலுதினின் மனைவி.

சனிக்கிழமை ஏழு மணிக்கு இரண்டாம் வளைவில் இரண்டு போலீஸ் வண்டிகளும் மிலுதினின் கறுப்புக் காரும் நின்றன. மேலே இருந்து சிவப்பு வண்டி வந்தது. திரும்பி, வளைவின் அடியில் நின்று, மறுபடி மேலே பாய்ந்தது. கடகடவென்று ஒரு சத்தம், பிறகு ரப்பர் கதறியது. வண்டி வெளியே வழுக்கவில்லை. கயிறு கட்டி உள்ளே இழுத்ததுபோல் வளைந்து ஏறிப் போனது.

ரதெங்கோ சாலையில் மண்டியிட்டுத் தாரைத் தடவினான். "ரெண்டு கோடு! யாஸ்னா, ரெண்டு கோடு! ஒரே அளவு!" முன்பெல்லாம் ஒரு கறுப்புக் கோடுதான் விழும்.

"ஸ்டீயரிங் கையப் பிடுங்குது மேஸ்திரி!" என்று யாஸ்னா சன்னல் வழியாகக் கத்தினாள். "மாமியார் மாதிரி இழுக்குது! ஆனா போகுது, அம்மாடி, எப்படிப் போகுது!" அப்போதுதான் போலீசைப் பார்த்தாள். "யாரு செத்தது?"

"பிளொகாதா எங்க?" என்று கேட்டான் ஒரு போலீஸ்காரன்.

"கியர் பெட்டிக்குள்ள" என்றான் ரதெங்கோ.

விஷயம் புரிந்ததும் போலீஸ்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதில் ஒருவன் தன்னையும் ஒரு சுற்று ஏற்றிப் போகச் சொன்னான். மிலுதின் சிரிக்கவில்லை. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டே போனார்.

அன்று மதியம் தோப்ரிலா அக்காவின் அக்கா மகன் ஒக்ன்யென் வந்து ரதெங்கோ வீட்டுக் கதவைத் தட்டினான். அவனும் ஆலையில் ஒப்பந்தக்காரன்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணே... திங்கட்கிழமைப் பட்டியல பலகையில ஒட்டிட்டாங்க. உங்க பேரு இல்ல."

"நிரந்தரத்துலயா?"

"நிரந்தரம், ஒப்பந்தம், ரெண்டுலயும் இல்லண்ணே."

ஸகோர்க்கா ஊன்றுகோலோடு எழுந்தாள். "போய்ச் சொல்லு. காரோட சாமான்னு சொல்லு. போய்க் காட்டு!"

"எதக் காட்ட? அது கியர் பெட்டிக்குள்ள கெடக்கு. நாளைக்கு யாஸ்னாவுக்குப் பந்தயம்."

யாஸ்னாவுக்கு அவன் சொல்லவே இல்லை. ஸகோர்க்காதான் சொன்னாள். ஞாயிறு காலை பந்தயத்துக்குப் போகவேண்டிய வண்டி எங்கள் கட்டடத்தின் முற்றத்தில் கட்டைகள் மேல் ஏறி நின்றது. யாஸ்னா அதன் அடியில் படுத்திருந்தாள்.

"எட்டு வருசமா இந்தப் பந்தயத்த ஜெயிக்கக் காத்திருந்தேன் மேஸ்திரி. அடுத்த வருசமும் மலை அங்கதான் இருக்கும். பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் குடு."

கியர் பெட்டியை இறக்கிப் பிளந்து, மாலைக்குள் பிளொகாதாவை வெளியே எடுத்தார்கள். வைக்க இடம் தேடினான் ரதெங்கோ. ஸகோர்க்கா தேய்த்துக் கழுவி வைத்திருந்த தட்டை நீட்டினாள்.

திங்கட்கிழமை அவன் கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டு, கிபானிட்சா தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போனான். ஏழு கிலோ இரும்பு. மிலுதினின் மேசையில் வைத்தான்.

"சார், இதான் பிளொகாதா. பாருங்க, இந்தப் பக்கத்தச் சுத்தினா அந்தப் பக்கமும் கூடவே வரும். உள்ள தகடு இருக்கு. நான் யாரையும் மறிக்கல சார். என் வாழ்க்கையில எதையும் மறிச்சதில்ல."

மிலுதின் மேசையில் இருந்த காகிதங்களைத் தள்ளி வைத்தார். "எண்ணெய் பட்டுடும். நம்புறேன் ரதெங்கோ. சனிக்கிழமையே நம்பிட்டேன்."

"அப்புறம் ஏன் சார்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பொண்டாட்டி வந்து சொன்னா. ரதெங்கோ பிளொகாதா பண்றான்னு. நான் ஒரு நிமிசம்கூட சந்தேகப்படல. ஏழு வருசம் இப்படி வெச்சிருந்தா எவனுக்கும் கோவம் வரும்னுதான் தோணிச்சு. எனக்கே அப்படித் தோணினா, உன்ன எப்படி உள்ள வெச்சுக்கிறது? மேலிடத்துக்கு எழுதியும் அனுப்பிட்டேன். அத மாத்தினா எனக்கு என்ன பேரு?"

"நான் போன தடவ தோப்பு வழியா வந்தேனே சார். நான் ஒருத்தன்தான் வந்தேன்."

"தெரியும். அன்னிக்கு உன் காலணி நெறைய சேறு. அத இப்பவும் தொடைச்சுக்கிட்டிருக்காங்க." அவராகவே சிரித்தார். "தட்ட எடுத்துக்க."

எடுத்துக்கொண்டான். கதவைத் திறக்கக் கையில்லை. வரவேற்பறைப் பெண் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது அதிகமில்லை. ரதெங்கோ ஒரு முகவர் வழியாக ஸ்லோவாக்கியாவுக்குப் போனான். அங்கேயும் மூன்று மாதம், மூன்று மாதம். ஒரு அறையில் ஆறு பேராம். யாஸ்னா சிவப்பு வண்டியை விற்றுவிட்டு, வெளிநாட்டு நகரமான மரிபோரில் பேருந்து ஓட்டப் போய், அங்கே மனைவியை இழந்த ஒரு தச்சனைக் கட்டிக்கொண்டாள். வாங்கியவன் வண்டியில் பிளொகாதா வேண்டாம், கை வலிக்கும் என்றானாம்.

நிரந்தரப் பட்டியலில் காலியான இடத்தில் ஒக்ன்யென் பெயரை எழுதினார்கள். வேலை கிடைத்ததும் பெண் கிடைத்தது, அக்டோபரில் கல்யாணம். இடுப்பு வலியோடு வீட்டிலிருந்தே கிபானிட்சா சுட்டு விற்கத் தொடங்கியிருந்த ஸகோர்க்காவிடம், தோப்ரிலா அக்கா பெரிய மனசு பண்ணிக் கல்யாண விருந்துக்கு நான்கு தட்டு சொன்னாள். மிலுதினும் மனைவியும் வந்திருந்தார்கள். மாவுத்தாள் மொறுமொறுவென்று இருந்தது, பாலாடைக்கட்டிக்குக் குறைவில்லை. ஒரு தட்டில் மட்டும் ஏதோ எண்ணெய் வாடை வருகிறது என்று மிலுதினின் மனைவி முகத்தைச் சுளித்தாள்.

எல்லாத் தட்டும் காலியாகித்தான் திரும்பி வந்தது.