கடல் திருப்பி அனுப்பிய சரக்கு

வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பாஞ்சாலை சொன்ன விலை பதினாறாயிரம் ரூபாய். வேன் வாடகை தனி.

"கடலுக்கு யாரு விலை கேட்டாங்கக்கா? நான் கேட்டது நானூறு மண் வளையந்தான்" என்றான் சகாயராஜ்.

"கடலுக்குத்தான தம்பி போவுது? அப்ப கடல் அளவுக்குத்தான் விலையும் இருக்கும்."

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மையும் ஊறுகாய் ஜாடியும் செய்து விற்கிறவள் பாஞ்சாலை. அவளிடம் பேரம் பேசிவிட்டு ஜங்ஷன் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனவர்கள் குறைவு. சகாயராஜ் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிறவன். அச்சடித்த விலை தவிர வேறு விலை உண்டென்று அறியாதவன். ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஒரு வேன் நிறைய ஆட்களோடு பரங்கிப்பேட்டைக்குப் போய், கழிமுகச் சேற்றில் சிக்கிய கிழிந்த வலைகளையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கி வருவான். சம்பளமில்லாத உத்தியோகம்.

"குப்பைய ஓரளவு எடுத்தாச்சுக்கா. இனிமே அங்க சிப்பி வளரணும். குஞ்சு ஒட்டிக்கக் கெட்டியா ஒண்ணு வேணும். ஒட்டிக்கிச்சுன்னா ஒவ்வொண்ணும் குடம் குடமாத் தண்ணிய வடிகட்டிக் குடுக்கும். கூலி கேக்காது."

"கூலி கேக்காத ஆளு எனக்கும் நாலு பேரு வேணும். இருந்தா சொல்லு."

"சுட்ட மண்ணாப் போதும்க்கா. பளபளப்பு வேணாம்."

பாஞ்சாலையின் காது பேரத்தில் வளர்ந்த காது. எது வேண்டாமென்று எவன் சொன்னாலும், விலையைக் குறை என்று கௌரவமாகக் கேட்கிறான் என்றே அதற்குக் கேட்கும். பாவம், கையில் காசில்லை என்று நினைத்துப் பத்தாயிரத்துக்கு இறங்கினாள். இறங்கிய பிறகு மனசு ஆறவில்லை. கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி மினுக்காத சரக்கு அவள் பட்டறை வாசலைத் தாண்டியதில்லை. தாண்டிப்போன சரக்கு திரும்பி வந்ததுமில்லை. நகையில்லாத கழுத்தை நிமிர்த்தி நடக்க அவளிடம் இருந்த பெருமை அது ஒன்றுதான். எல்லோருக்கும் மினுக்கிக் கொடுத்துவிட்டு கடலுக்கு மட்டும் மொட்டையாகக் கொடுப்பதா? சொந்தச் செலவில் நானூறையும் நீல கிளேஸில் முக்கிச் சூளையில் ஏற்றினாள்.

வந்து பார்த்த சகாயராஜ் வாயைத் திறந்தான். "கிளேஸுக்குக் காசு வேணாம், சும்மா வச்சிக்க" என்றாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

வளையங்களைக் கயிற்றில் கோத்து, தண்ணீர் ஏறி இறங்கும் கரையில் மூங்கில் நட்டுக் கட்டினார்கள். பட்டறையில் சரக்குக் கட்டும் ஜெனிபரும் அந்த வேனில் போகிறவள். போனில் படம் காட்டினாள்.

அதற்குப் பிறகு கடல் பட்டறைக்கு வர ஆரம்பித்தது. சூளை ஆறுகிற மதியங்களில் பாஞ்சாலைக்குக் கண் சொருகும். ஈரப் புடவை சரசரக்க, வாங்க வந்த பெரிய வீட்டு அம்மாள் போலக் கடல் உள்ளே நுழையும். ஜாடிகளை விரலால் தட்டிக் காது கொடுக்கும். பொம்மைகளின் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும். நீல வளையம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கும். பட்டறைச் சுவரெல்லாம் அலை ஓடும். "எடுத்துக்குங்கம்மா, பார்த்துக் குடுக்கலாம்" என்பாள். கடல் விலை கேட்காது. வளையத்தை வைத்துவிட்டு, வந்த வழியே வழிந்து போய்விடும். விழித்தால் தரையில் மண் தூசி. உதட்டில் மட்டும் உப்பு.

ஒரு திங்கட்கிழமை ஜெனிபர் இழுத்து இழுத்துச் சொன்னாள்: "ஒண்ணுகூட ஒட்டலக்கா. வழுக்குதாம். சரக்கத் திருப்பி எடுத்தாந்துடலாம்னு சகாயராஜ் அண்ணன் சொல்றாரு."

"திருப்பியா?"

அடுத்த ஞாயிறு, பூசைக்குப் போகாத பாஞ்சாலை வேனில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கியது என்று அங்கே யாரும் எல்லைக்கல் நட்டிருக்கவில்லை. வானத்தையும் தண்ணீரையும் ஒரே கிளேஸில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. நடுவில் கொக்குகள், காயட்டும் என்று யாரோ வைத்துவிட்டுப் போனவை போல நின்றன. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் பாஞ்சாலைக்குத் தன் கனம் மறந்துபோனது.

"நம்ம மணிமுத்தாத்துத் தண்ணிதான்க்கா இதுல கலக்குது. இந்தா, நம்ம ஊரு ஸ்வீட் கடை கவரு" என்று ஜெனிபர் சேற்றிலிருந்து ஒன்றை உருவினாள்.

சகாயராஜ் கயிற்றைத் தூக்கினான். வளையங்கள் கழுவி அடுக்கியது போலச் சொட்டின. "புதுசு மாதிரியே இருக்குதுங்க" என்றான், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

எந்தச் சரக்கையும் கவிழ்த்து அடியைப் பார்க்காமல் அவள் கை கீழே வைக்காது. கவிழ்த்தாள். சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஈரப் பஞ்சால் கிளேஸைத் துடைத்துவிட்ட அடி விளிம்பு, மொரமொரவென்று வெறும் மண்ணாக இருந்தது. அங்கே நகக்கண் அளவில் சாம்பல் நிறப் பொருக்கு ஒன்று.

"இன்னாது இது, அழுக்கா?"

குனிந்தவன் நிமிரவில்லை. "குஞ்சுக்கா."

சுரண்டிப் பார்த்தாள். முன்பணம் கொடுத்துக் குடியேறியது போல அசைய மறுத்தது.

"பளபளப்பு வேணாம்னியே, அது விலையக் குறைக்க இல்லியா?"

"சிப்பிக்குத்தாங்க."

"அழுத்திச் சொல்றதுக்கு இன்னா கேடு?"

"நீங்க ஆறாயிரம் இறங்குனதுல வாயடைச்சிப் போச்சுங்க."

ஜெனிபர் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன. பாஞ்சாலையும் சிரித்தாள், கண்ணில் இருந்தது கழிமுகத் தண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை.

"மத்தது கெடக்கட்டும்க்கா" என்றான் சகாயராஜ்.

"வேணாம்னு சொன்ன சரக்க வாங்குறவங்க தலையில கட்டுறதா? ஏத்து வேன்ல."

ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, எண்ணி, குஞ்சு இருந்ததை மட்டும் திரும்பக் கட்டினார்கள். வேன் புவனகிரி தாண்டும்போது, மடியில் ஈர வளையங்களோடு பாஞ்சாலை கணக்கை வாய்விட்டுச் சொன்னாள்: போனது நானூறு. உடைந்தது பதினொன்று. திரும்பியது முந்நூற்று ஐம்பத்தொன்று. கடல் எடுத்துக்கொண்டது முப்பத்தெட்டு. பாஞ்சாலை கடலுக்குத் தர வேண்டிய பாக்கி முந்நூற்று அறுபத்திரண்டு, வெறும் மண்ணாக.