மூக்கு நுனியில் ஐந்து கிலோ

பொதுமக்களுக்கும், குறிப்பாக உலக மாணவ சமுதாயத்துக்கும் இதனால் அறிவிப்பது: வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, வங்காளத்து டாலிகஞ்சில், குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் ஆற்றல் அழிவின்மை விதி ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படும். நிரூபிப்பவர் திரு. ராஜ்மோகன் அவர்கள். மத்திய அரசு அலுவலகத்தில் கணக்கு அதிகாரி, படித்தது பி.காம்.

இயற்பியலைத் தமிழில் எளிமையாக விளக்கும் அவருடைய யூடியூப் சேனலை மதுரை உறவினர்கள் பார்க்காமலேயே பாராட்டி வந்தார்கள். மேலே கோட்டும் டையும், கீழே கேமராவுக்குத் தெரியாத லுங்கியுமாக நின்று, "பிரபஞ்சத்தின் இரகசியங்களுக்குள் நுழைவோமா?" என்று தொடங்குவார். நுழைந்ததும் கீழ்வீட்டில் மிக்ஸி ஓடும். படம் பிடிப்பது மனைவி கவிதா. மாணவி, பதினோராம் வகுப்பு மகள் தமிழரசி. சேனலே அவளுக்காகத்தான் என்பார்.

தமிழரசிக்கு வேண்டியது வேறு. பிசிக்ஸ் வகுப்புள்ள நாட்களில் அவளுக்குப் பயத்தில் காலையில் ஒரு வாய் இறங்காது. வரலாற்றுப் பிரிவுக்கு மாறலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் அப்பா நேரில் வந்து சம்மதிக்க வேண்டும். அதுதான் கடைசி நாள்.

"என் வீடியோவை ஒழுங்காப் பார்த்தா பயம் தானாப் போயிரும்" என்றார் அப்பா.

ஞாயிறு வந்தது. மின்விசிறியைக் கழற்றி, அதன் கொக்கியில் துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கட்டி, முனையில் ஒரு டம்பெல்லைத் தொங்கவிட்டார் அப்பா. உடம்பைக் குறைக்கவென்று வாங்கி, அன்றுதான் கட்டிலடியிலிருந்து முதன்முறையாக வெளியே வந்த ஐந்து கிலோ டம்பெல். ஜூலைப் புழுக்கத்தில் விஞ்ஞானம் வேர்த்து ஒழுகியது.

"இதை மூக்கு நுனியில வெச்சு, தள்ளாம விட்டா, அந்தக் கோடிக்குப் போயிட்டுத் திரும்பி வரும். ஆனா மூக்கைத் தொடாது. புறப்பட்ட உயரத்தைத் தாண்ட அதுக்குச் சக்தி கிடையாது. வா தமிழு, வந்து நில்லு. நகரக் கூடாது."

"நீங்க நில்லுங்கப்பா."

"நான் விளக்குறவன்ம்மா."

"பயமா?"

கவிதா செல்போனை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க அது வசதி.

"எனக்கென்ன பயம்? விதியை நம்புறவன் நகர மாட்டான்."

"அப்ப ஒரு டீல். நீங்க நகராம நின்னா நான் பிசிக்ஸ்லயே இருக்கேன், இனி வாயே திறக்கல. நகர்ந்தீங்கன்னா நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து சம்மதம் சொல்லணும். சத்தியமா?"

"சத்தியம்" என்றார், டையைச் சரிசெய்துகொண்டே.

சோபாவுக்கு முன்னால் நின்று, மூக்கு நுனியிலிருந்து டம்பெல்லை விட்டார். போயிற்று. திரும்பிற்று. அது பாதி வழி வருவதற்குள் ராஜ்மோகன் பின்னால் பாய்ந்து சோபாவில் விழுந்திருந்தார். லுங்கி சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது. அது நிலைமம், போன வாரப் பாடம்.

"நகர்ந்துட்டீங்க." தமிழரசிக்குக் கேலி வரவில்லை. பல நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சுதான் வந்தது.

"தரை வழுக்கிருச்சு. வீடியோவுல என்ன இருக்கோ அதான் கணக்கு. கவிதா, காட்டு."

கவிதா கணவரைப் பார்த்தாள். மனிதர் முறுக்கிக்கொண்டால் வாரக்கணக்கில் வீட்டில் யாரோடும் பேச மாட்டார்.

"சரியா ரெக்கார்டு ஆகலைங்க. பட்டனை அமுக்கலை போல."

"அம்மா, நீ பார்த்துட்டுதானே இருந்த?"

"நான் போனைத்தான்டி பார்த்துட்டிருந்தேன்."

அவள் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை ராஜ்மோகன், கயிற்றைச் சுவர்வரை எட்டும்படி கொஞ்சம் தளர்த்திவிட்டு, முதுகும் பின்மண்டையும் சுவரில் ஒட்ட நின்றார். பின்வாங்க இடமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். டம்பெல் வந்தது, மூக்குக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்று திரும்பிப் போயிற்று.

"பார்த்தியா? விதி தோக்காது."

"தூர்" என்றாள் தமிழரசி. அவளுக்குக் கோபம் வங்காள மொழியில்தான் வரும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலையில் வீடியோ வெளியாயிற்று. 'சிங்கம்' என்று மதுரையிலிருந்து பெரியப்பா எழுதினார். 'அறிவியலின் முன் அஞ்சா நெஞ்சம்' என்றார் அலுவலக நண்பர் ஒருவர். ராஜ்மோகன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டார்.

திங்கட்கிழமை சம்மதம் சொல்ல அப்பா வரவில்லை. முதல் பீரியட் பிசிக்ஸ். தமிழரசி போய் உட்கார்ந்தாள்.