மண்ணுள் ஊன்றிய பெயர்

கீழ்க்கடலின் மேல் மூடுபனி பாலாடைபோற் படிந்து, வாற்கோதுமைத் தாள்களின் நுனிதோறும் நீர்முத்துக் கோத்து, கரைப்பாறையிற் கிடந்த கடல்நாய்களையும் கனவிற் கண்ட உருவங்களாக மயக்கிய இளங்காலையில், துறவியர் குடியிருப்பின் எதிரே, இரண்டாள் உயரச் செம்மணற்கல்லொன்று ஒருக்களித்துப் படுத்து, தான் எழுந்து நிற்கும் வேளையை நோக்கியிருந்தது. அதன் முகத்திலே கொடிப்பின்னல் ஓடிய சிலுவை. முதுகிலே பிறையும் முறிந்த கோலும். ஓரத்திலே, அடியிலிருந்து மேனோக்கி ஏறும் கீற்றெழுத்துகளாய், கடல்கொண்ட தாரான் என்பவனின் பெயர்.

தாய்வழியே குடிவழி எண்ணும் அக்கடற்கரை மக்களிடையே, தமையன் தாரானுக்குக் கல்நிறுத்தும் உரிமை தங்கை துருஸ்திக் என்பவளுடையது. படகு மட்டுமே கரைசேர்ந்த நாள்முதல், வழிச்செல்வோர் அவன் பெயரை வாய்விட்டுப் படித்தல் வேண்டும் என்னும் ஒரே வேட்கையால் அவள் உயிர்தாங்கியிருந்தாள். குழி வெட்டி முடிந்ததும், கல்தச்சன் தலோர்க் அளவுகோலை வைத்துப் பார்த்து, பனியினும் வெளிறிப் போனான்.

"என்ன அண்ணே, குழியப் பாத்து முழிக்கிறே? உள்ள நண்டு கிடக்கா?" என்றாள் துருஸ்திக்.

"நண்டில்ல தங்கச்சி, நான்தான் உள்ள விழணும். சின்னக் கல்லுக்கு ஒரு சாண் பள்ளம் போதும். அந்தப் பழக்கத்துல அடியிலேருந்தே பேர வெட்டிட்டேன். இது ரெண்டு முழம் இறங்கினாத்தான் நிக்கும். பேரு மொத்தமும் மண்ணுக்குள்ள போயிரும்."

"கொடிப் பின்னலுக்கு நாலு மாசம் செதுக்கினியே, பேருக்கு இடம் பாக்கலியா?" என்று, கல்லைத் தூக்கக் கயிறு பிடித்து நின்றவருள் ஒருவன் இடித்துரைத்தான்.

"மேல ஓரம் முழுக்கப் பின்னல் ஓடுது, பேரு வெட்ட விரலளவு இடங்கூட இல்லப்பா. மேலாப்புல நட்டா மொத வாடைக்கே சாஞ்சிரும். நீயே சொல்லு தங்கச்சி."

துருஸ்திக் மண்டியிட்டாள். அடிக்கீற்றில் விரல்வைத்து, ஒவ்வொரு கீற்றாய் ஏறி, தமையன் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். கேட்டவர் அனைவரும் கயிற்றைத் தளரவிட்டு நின்றனர்.

"ஆழமாவே நடுங்க," என்றாள். "அவன் உடம்புதான் மண்ணுக்கு வரல. பேராவது வரட்டும்." பின்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா அண்ணே, இனிமே யாருக்குக் கல்லு செதுக்கினாலும் மொதல்ல குழிய வெட்டு!" என்றாள்.

தோல்கயிறுகள் முனக, கல் எழுந்தது. கீற்றுகள் ஒவ்வொன்றாய் இருளில் இறங்கின. முதற்பிடி மண்ணை அவளே இட்டாள். அவ்வழிச் செல்வோர் இன்று அதனைப் பெயரற்ற கல் என்றே சொல்லிக் கடப்பர். அன்புடையீர், எத்தனை வாடைக்கும் அச்சிலுவை சாய்ந்ததில்லை. ஒருவரும் படிக்காத அப்பெயரே அதனை அடிநின்று தாங்குகின்றது.