மாஸ்டரின் வலது கால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நாய்க் கதையாகத்தான் பிறந்தது. தனியாக வாழும் ஓர் அப்பா, மகள் அவரிடம் விட்டுப்போகும் ஒரு பிராணி, இரண்டும் மெல்ல மெல்ல நெருங்க வேண்டும் என்று திட்டம். ஆனால் முதல் பத்தியிலேயே நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அவர் முகத்தை நக்கிவிட்டது. நெருங்கியாயிற்று, கதையும் முடிந்தது. பேனாவை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து நாயை அடித்துவிட்டு (கோடு போட்டுத்தான், பதறாதீர்கள்) அந்த இடத்தில் பூனை என்று எழுதினேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

2

அந்த அப்பாவை முதலில் பூட்டுக்குச் சாவி செய்பவராக வைத்திருந்தேன். "பூட்டு, சாவி, மனசு... புரியுது, புரியுது" என்று என் மனைவி கொட்டாவி விட்டாள். அவள்தான் என் முதல் வாசகி. பல கதைகளுக்குக் கடைசி வாசகியும் அவளே. ஆகவே அவரைக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவராக மாற்றினேன். எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமல்லவா? அவருடைய வலது கால் அதன் மேலேயே குடியிருந்தது. எதிரே சைக்கிள் வந்தால் அமுங்கும். காகிதம் பறந்தாலும் அமுங்கும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, மிதித்த காலும் அப்படித்தான். வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் யாராவது வேகமாக நடந்தால்கூடத் தரையில் 'தட்' என்று ஒரு மிதி.

மகளுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அதாவது, தொடங்கினார். திருப்பத்துக்குத் திருப்பம் அவர் பிரேக் போட, ஒரு நாள் அவள் நடுரோட்டில் இறங்கிவிட்டாள்.

"கார்ல மட்டும் இல்லப்பா. படிப்பு, வேலை, நான் எதுக்குக் கிளம்பினாலும் உங்க கால் பிரேக்குலதான் இருக்கு."

(இது சிரிப்புக் கதை. இந்த இடத்தை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் மற்றது நிற்க மாட்டேன் என்கிறது.)

3

மகள் குடிபோன புது வீட்டில் பிராணிகள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பூனை மாஸ்டரிடம் வந்தது. அதன் பெயர் மேனேஜர். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் மகள் வைத்த பெயர்.

"ஒரு மாசம் பாக்கறேன்பா. உங்ககிட்ட ஒட்டலன்னா வேற நல்ல இடமா பாத்துக் குடுத்துடுவேன். ஒரு ஜீவன் பயந்துகிட்டே இருக்கக் கூடாது" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் மேனேஜர் அலமாரிக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாஸ்டருக்குப் பூனை மேல் பெரிய பாசமெல்லாம் இல்லை. ஆனால் அதுவரை "சாப்டீங்களா, சரி" என்று எப்போதாவது வந்து முடிந்துபோன மகளின் போன், இப்போது தினமும் வந்தது. மேனேஜர் சாப்பிட்டதா, தூங்கியதா, தும்மியதா? அவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பூனை போனால் இந்தப் பேச்சும் போய்விடும்.

4

"மறுநாள் காலை மேனேஜர் மெல்ல வந்து மாஸ்டரின் மடியில் ஏறி—"

வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் புத்தகத்தை என் தலையில் எறிவார்கள்.

"மீன் துண்டைக் கண்டதும் மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டு—"

மன்னிக்கவும். அது பழைய நாயின் வால்.

நடந்தது இது. மீன் துண்டைத் தட்டில் வைத்தார். பூனை தலையை நீட்டியது. "மெதுவா... பாத்து... அப்படியே நேரா வா" என்றார், தொழில் குரலில். பூனை முன்னால் ஓர் அடி வைத்தது. வலது கால் தன் வேலையைக் காட்டியது. தட்! பூனை அலமாரிக்கடியில், மீன் அவர் மேல்.

கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் பூனைக்கு நம்பிக்கை வரும் என்று யாரோ சொன்னார்கள்.* மூடினார், அசதியில் அப்படியே தூங்கிவிட்டார். விழித்தபோது மேனேஜர் எதிரே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்!

அன்று போனில் மகளிடம் சொன்னார்: "அதுக்கு என்னைப் பிடிக்காம இல்லம்மா. இந்தக் காலைக் கண்டாதான் ஆகல."



"ஞாயித்துக்கெழம கூடையோட வந்து அத எடுத்துட்டுப் போறேன்பா" என்று வைத்துவிட்டாள்.

* நானும் என் மனைவியிடம் செய்து பார்த்தேன். "கண்ல என்ன, தூசியா?" என்றாள்.

5

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் ஒரு முடிவோடு அலமாரி முன் தரையில் உட்கார்ந்தார். வலது காலை மடக்கித் தன் கனத்தாலேயே அமுக்கிக்கொண்டார். பாதம் மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நேரம் போகப் போகக் கால் மரத்துவிட்டது. அவர் அசையவில்லை. அலமாரியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு கூடையோடு மகள் வந்தாள். வந்தவள் அங்கேயே நின்றாள்.

"அப்பா, அசையாதீங்க."

"ஏம்மா?"

"சொன்னா கேளுங்க."

கேட்டார். (எனக்கே நம்ப முடியவில்லை.)

"மேனேஜர் உங்க கால் மேல படுத்துத் தூங்குது."

"எந்தக் கால்?"

"அந்தக் கால்தான்பா."

அது பக்கவாட்டில் வெளியே வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் படுத்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கையைத் தூக்கக்கூடப் பயம்.

மகள் கூடையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

6

முடிவு மூன்று எழுதினேன். கூடை காலியாகத் திரும்புவது ஒன்று. பூனை விழித்துத் தானாகவே கூடைக்குள் போய் உட்கார்வது இன்னொன்று. மூன்றாவதைப் படித்த மனைவி ஒன்றுமே சொல்லவில்லை, அதனால் கிழித்துவிட்டேன். நான் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மகளே பேசிவிட்டாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். வேற ஒருத்தர்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். இன்னிக்கு நான்தான் ஓட்டிட்டு வந்தேன். கீழ நிக்குது."

சரியாக அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் வலது காலில் எறும்பு ஊர்வது போல உணர்வு திரும்பியது. கட்டைவிரல் லேசாகத் துடிக்கிறது. அதன் மேல் மேனேஜர், ஒரு காதை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு தூங்குகிறது. பக்கத்தில் மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கிறாள்.

அடுத்த வரியை நான் எழுதமாட்டேன். நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது காலை மட்டும் ஆட்டாதீர்கள்.