இரண்டு உப்புக்கொத்திகள், இரண்டு சகலைகள்

ஓர் உப்புக்கொத்திப் பறவையைப் பார்க்கும் பாக்கியத்துக்கு முருகானந்தம் கொடுத்த விலை, கப்பல் வந்த நாளின் காலை வியாபாரம். ஹேடோ துறைமுகத்தருகே இரும்புக்கடை வைத்திருப்பவன் அன்றைக்கு ஷட்டரை இறக்குவது, பந்தியில் சோறு விழும் நேரத்தில் எழுந்து போவது மாதிரி. ஆனாலும் இறக்கினான். சகலை தேவேந்திரன் பெரிய மணல் உப்புக்கொத்தியைப் பார்த்துவிட்டானாம்.

அக்காளை ஒருவனும் தங்கையை ஒருவனும் கட்டியவர்கள். வீடு, வண்டி, பிள்ளைகளின் மார்க்கு என்று மாமனார் வீட்டில் எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தாகிவிட்டது. எதிலும் தேவேந்திரன் ஒரு சுற்றுப் பெரிசு. பறவைகளில் மட்டும்தான் சமம். தீவில் ஆளுக்கு நூற்றுப் பதினெட்டு இனம் பார்த்திருந்தார்கள். அரிய பறவை என்றால் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கணக்கில் ஏறும். இன்று அந்த இன்னொருவன் முருகானந்தம்.

சிப்பிகாட் சதுப்பின் சேற்றில் பறவை தனியாக நின்றது. மேலே மண் நிறம், கீழே வெள்ளை. எங்கும் திரியும் சின்ன மணல் உப்புக்கொத்திக்கும் அதே சட்டைதான்.

“சின்னதுதான், தம்பி,” என்றான் முருகானந்தம், பைனாகுலரைச் சரிசெய்யும் முன்பே.

“அரே அண்ணே, மூக்கைப் பாருங்க. எவ்வளவு நீளம்.”

“தனியா நிக்கிற சரக்குக்கு நீளம் ஏது? பக்கத்துல இன்னொண்ணை வச்சுக் காட்டு.”

“நான் என்ன கடையா வச்சிருக்கேன், எடுத்து வைக்க?”

கடல்நீர் ஏறியது. சேறு சுருங்கச் சுருங்க, தள்ளி மேய்ந்த கூட்டம் நெருங்கி வந்தது. அதிலிருந்து ஒரு சின்ன உப்புக்கொத்தி நேரே நடந்து, தையல்காரனிடம் அளவு கொடுக்க வந்தது போல அந்தத் தனிப் பறவையருகில் நின்றது. உருண்டைத் தலை, கட்டை மூக்கு, கறுத்த கால். மற்றதற்கு மூக்கு கனத்து நீண்டிருந்தது; வெளிறிய பச்சைக் கால்கள் ஒட்டிவைத்தது போல உயரம்.

முருகானந்தத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. எத்தனை வருஷமாகத் தேடிய பறவை.

“பக்கா பெரிசு, இல்லையாண்ணே? ஒத்துக்கிட்டா உங்களுக்கும் ஒண்ணு ஏறும். அப்பவும் சமம்தான்.”

சமம்தான். ஆனால் மாமனார் வீட்டில் கொழுந்தியாள் ராணி ரசம் ஊற்றிக்கொண்டே சொல்வாள்: கண்டுபிடிச்சது எங்க வீட்டுக்காரர், அத்தான் பின்னாலேயே போய்ப் பார்த்துட்டு வந்தார்.

“ரெண்டும் சின்னது,” என்றான் முருகானந்தம். “ஒண்ணு கொஞ்சம் நல்லா சாப்பிட்டிருக்கு.”

“நீங்க பார்த்துட்டீங்கண்ணே. முகமே சொல்லுது.”

“முகத்தையெல்லாம் குழுவுல ஏத்துக்க மாட்டாங்க, தம்பி.”

பைனாகுலரை மறுபடி தூக்கினான். தன் கணக்கில் ஏறாத அந்தப் பறவையை அது கிளம்பும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தான். பறக்கையில் கால்விரல்கள் வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன, அதையும் பார்த்தான்.

தேவேந்திரன், நூற்றுப் பதினெட்டு. முருகானந்தம், நூற்றுப் பதினெட்டு.