மதம் என்ற கட்டம்

பஞ்சவர்ணம் இறந்து இரண்டு நாளாகிவிட்டது. உடம்பு ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் கிடந்தது. அவள் புருஷன், ஏசி மெக்கானிக் பொன்னுச்சாமி, வளைகுடாவில், அரசாங்க விண்ணப்பங்களைத் தட்டிக்கொடுக்கும் அல் குசைஸ் டைப்பிங் சென்டரில் ஒரே ஒரு கட்டத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

“மதம் என்னன்னு போடட்டும்ணே?” விண்ணப்பம் தட்டும் கௌஸ் முகம்மது மூன்றாம் தடவையாகக் கேட்டான். “இன்னிக்கு வெள்ளி, பன்னெண்டுக்குள்ள அனுப்பணும். அப்புறம் திங்கக்கிழமைதான்.”

மணி பதினொன்றரை.

கிறிஸ்தவர் என்று போட்டால் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு. அதற்குச் சபைக் கடிதம் தரப் போதகர் சேதுராமன் வெளியே காரில் காத்திருக்கிறார். இந்து என்றால் தகனம். இரண்டுக்கும் இந்த நாட்டில் வழி இருக்கிறது, வம்பெல்லாம் இந்தத் தாள் போய்ச் சேரும் ஊரில்தான். அவர், பஞ்சவர்ணம், மகள் மூன்று பேரும் இங்கே வந்து ஞானஸ்நானம் வாங்கியது வெளியே தெரிந்தால் பட்டியல் சாதிச் சான்றிதழ் செல்லாது. அதை வைத்து மகள் தாமரைக்கு ஊரில் கிடைத்த டாக்டர் சீட்டும் போய்விடும். அரசியலமைப்பின்படி போட்ட உத்தரவாம். கிறிஸ்தவனானால் பட்டியலில் இடமில்லையாம். நல்ல கூத்து! சர்ச்சுக்குள்ளேயே சாதி பார்த்துத் தனி வரிசை போட்டு உட்கார வைக்கிற ஊரில் இந்த உத்தரவை யாராவது சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும்.

“என்னைய எரிச்சிராதீக” என்பதுதான் பஞ்சவர்ணம் கடைசியாகப் பேசியது.

பொன்னுச்சாமி மகளுக்குப் போன் போட்டார். “அம்மா சொன்னது உனக்குத் தெரியும். என்ன செய்யட்டும் தாயி?”

“எரிச்சிருங்கப்பா,” என்றாள் தாமரை. பிறகு உடைந்துபோய், “அம்மா என்னை மன்னிப்பாங்களாப்பா?”

அவர் போனை வைத்துவிட்டுக் கௌஸ் பக்கம் திரும்பினார்.

“இந்துன்னே போடு தம்பி.”

கௌஸ் தட்டினான். பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

வெளியே வந்தவருக்குப் போதகரின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

“அடக்கம் எப்போ?” என்றார் சேதுராமன்.

“அடக்கம் இல்லீங்கய்யா. தகனம். பொண்ணு படிப்பு...”

திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்து நின்றார். சேதுராமன் திட்டவில்லை. கையிலிருந்த கடிதத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

“என் பையன் இந்த வருஷந்தான் எஞ்சினியரிங் சேர்ந்திருக்கான்,” என்றார் தாழ்ந்த குரலில். “என் பேப்பர்லயும் இந்துதான். ஏறுங்க, நானும் தகனத்துக்கு வர்றேன். அங்க வச்சு என்னைப் போதகர்னு மட்டும் கூப்பிட்டுறாதீங்க.”