கயிற்றடியில் கவிழ்த்த தேன்

சதாசிவனின் பிள்ளைக்கு முதல் சோறூட்டு. போகாமலிருக்க ராஜதாஸ் தேடாத சாக்கில்லை. பாறசாலையில் சதாசிவனுக்கு அவனை விட்டால் உற்ற கூட்டாளி யார்?

முந்தின வருடம் மகர மாதத்தில் இருவரும் அகஸ்தியர்கூடம் மலைக்குப் போனார்கள். ராஜதாஸ் சர்ச்சுக்காரன், கூட்டாளிக்காகப் போனவன். பிள்ளை வரம் கேட்டு, உச்சியிலிருக்கும் அகஸ்தியருக்கு ஊற்றச் சொல்லி சதாசிவனின் மனைவி ஷியாமளா அம்பூரித் தேன் கொடுத்தனுப்பியிருந்தாள். பெண்களை அப்போது அந்த மலையில் ஏற விடுவதில்லை. அதிருமலை முகாமிலேயே சதாசிவனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

"நீ போனா நான் போனது மாதிரியாக்கும் மக்கா," என்று தேன்குப்பியை நீட்டினான்.

பொங்காலைப் பாறை வரைக்கும் ராஜதாஸ் வீரன்தான். அதற்கு மேலே மொட்டைப் பாறை செங்குத்தாக நின்றது. தொங்கும் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். வீரனுக்கு உள்ளங்கால் கூசியது. உச்சியும் மலைதான், இதுவும் மலைதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தேனைக் கயிற்றடியிலேயே கவிழ்த்தான். விரலில் ஒட்டியதை நக்கியும் தொலைத்தான். இறங்கி வந்து, உச்சியிலிருந்து பூவார் கடல் தெரிந்தது என்று அளந்துவிட்டான்.

இப்போது ஷியாமளா பிள்ளையை அவன் மடியில் வைத்தாள்.

"தேன் ஊத்தினது அண்ணனாக்கும். முதல் சோறும் அண்ணனே குடுக்கணும்."

ஊட்ட வேண்டிய தாய்மாமன் தாணு, பாபநாசம் பக்கம் லாரி ஓட்டுகிறவர், சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார். பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "தம்பி, உச்சியில நின்னா கிழக்க காரையாறு அணை தெரியுமே, பாத்தியளா?"

கிழக்கு! பிறந்ததிலிருந்து மலையின் இந்தப் பக்கத்தையே பார்த்து வளர்ந்தவன். அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டென்பது பொய் சொல்லும்போதுகூட நினைவுக்கு வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

சதாசிவன் அவன் முகத்தைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க விளங்கிவிட்டது.

"அண்ணைக்கு கிழக்க முழுக்க மஞ்சு மூடி ஒண்ணும் தெரியல்லயாக்கும் மச்சான்," என்றான் சதாசிவன். "மக்கா, சோறு ஆறுது. குடு."

ராஜதாஸ் கொடுத்தான். பிள்ளை சப்புக்கொட்டிச் சிரித்தது. தேன் நக்கிய அதே விரல்.

வாசல்வரை சதாசிவன் அந்த முழங்காலோடு நொண்டிக்கொண்டே வந்தான். திட்டியிருந்தால் ராஜதாஸ் பிழைத்திருப்பான்.

"வாற மகரத்துக்கு வேற தேன் வாங்கி வைக்கேன்," என்றான் சதாசிவன், தரையைப் பார்த்தபடி. "கயித்தடி வரைக்கும் நானும் வாறேன். நீ ஏறி முடிக்கது வரைக்கும் கீழ நிப்பேன்."